சிக்கனத் திட்டத்தில் ஒரு ‘வாரேன்’

கடைக்குள் முப்பது பேராவது இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் கடை இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவர் தாடைக்கடியிலும் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. நாக்கும் உதடும் லேசாக அசைவதைப் படித்து அது கருவிக்கு அனுப்பும், கருவி பேசும். திக்கல், இருமல், மூக்கடைப்பு எதுவும் இல்லாத தேன் குரல்கள். தொண்டை போனவர்களுக்காகக் கண்டுபிடித்த சாதனம் இது. தொண்டை இருந்தவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு பத்து வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் போடிநாயக்கனூரில் சொந்தத் தொண்டையால் பேசினால், பல் தேய்க்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் முகம் சுளிக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் வில்லை இல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சுருளிவேல். மூணாறு வண்டியில் முப்பது வருஷம் கண்டக்டர். புற்று வந்து, நான்கு வருஷத்துக்கு முன்பு குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இன்னொருத்தி அவர் மனைவி பேச்சியம்மாள். சர்க்கரை நோயில் கண் போய் ஏழு வருஷம். அவர் சொன்னால் கேட்க அவளுக்குக் காது இருந்தது, சொல்ல அவருக்கு வாய் இல்லை. எழுதிக் காட்ட அவருக்குக் கை இருந்தது, படிக்க அவளுக்குக் கண் இல்லை. அதனால் அவள் உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதுவார். ‘உப்பு’ என்று எழுத மூன்று எழுத்து. ‘உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா நல்லாத்தான் இருக்கு’ என்று எழுத எவனுக்குப் பொறுமை வரும்? நான்கு வருஷமாக அந்த வீட்டில் உப்பு மட்டும்தான் இருந்தது.

கடைப்பெண் பானு இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள்.

“ஐயா, இது சொல்லி. நம்ம நகராட்சி நடத்துற ஊர்வலையில ஓடுது. மழை, காத்து, மலை எதுக்கும் அறுந்துபோகாது. கட்டணமும் கம்மி. குறை என்னான்னா, குரல் நாலே நாலுதான். ஆண் ஒண்ணு, ஆண் ரெண்டு, பெண் ஒண்ணு, பெண் ரெண்டு.”

வில்லையைச் சுருளியின் தாடைக்கடியில் ஒட்டினாள். அவர் உதட்டை அசைத்தார்.

“பேச்சி,” என்றது சொல்லி. செய்தி வாசிப்பவரின் கனத்த குரல்.

பேச்சி சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். “யாருய்யா அது, பேரச் சொல்லிக் கூப்பிடுறது?”

பானு சிரித்துவிட்டாள். சுருளி சிரிக்கவில்லை.

அடுத்தது குரலி. தீப்பெட்டி அளவுதான். சுருளியிடம் ஒரு பழைய ஒலிப்பதிவு இருந்தது. அறுவைக்கு முந்தின நாள் மருத்துவமனையில் அவரை நாற்பது நிமிஷம் பேசச் சொல்லிப் பதிந்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல், பாவம், போடியிலிருந்து மூணாறு வரை ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவிவிட்டு வந்திருந்தார். பானு அதை ஏற்றினாள். எங்கோ தூரத்தில் அகிலம் நிறுவனத்தின் பெரிய எந்திரங்கள் அந்த நாற்பது நிமிஷத்தைக் கடைந்து ஒரு முழுக் குரலைத் திரட்டின. ஐந்து நிமிஷம் ஆனது.

“ஏ புள்ள,” என்றது குரலி. “பேச்சி. நாந்தான்.”

பேச்சியின் கை காற்றில் துழாவி அவர் முகத்தைத் தொட்டது. அசையும் உதட்டின் மேல் நின்றது. “இன்னொருக்கா,” என்றாள்.

“நாந்தான் புள்ள. முந்தல், போடிமெட்டு, பூப்பாறையெல்லாம் எறங்கு.”

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். கடையில் இருந்தவர்கள் வாயை மூடியபடி வேடிக்கை பார்த்தார்கள்.

பானுவுக்குக் குரலி விற்றால்தான் கமிஷன். இருந்தும் அந்தப் பெண்ணுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தது. “அம்மா, நான் சொல்லக் கூடாது, சொல்றேன். போன் தங்கம். லைன் பித்தளை. குரலி அகிலம் லைன்ல மட்டுந்தான் ஓடும். அவங்களுக்கு நம்ம பக்கம் ஒரே டவரு, அதுவும் மலைக்கு அங்கிட்டு. ஐயா குரலு இந்தப் பெட்டிக்குள்ள இருக்காது. அவங்க காப்பகத்துல இருக்கும். ஒவ்வொரு சொல்லும் அங்க போய்த்தான் குரலாகித் திரும்பி வரும். சிக்னல் இல்லைன்னா பேச்சு இல்ல. மூணு வருஷ ஒப்பந்தம். நடுவுல விட்டா குரல் அங்கேயே தங்கிரும்.”

“அவுக குரலு அவுகளுக்குத்தானம்மா சொந்தம்?”

“பதிஞ்சது அவருக்குச் சொந்தம். செஞ்சது அவங்களுக்குச் சொந்தம்.”

சுருளி அவள் கையை இழுத்து எழுதத் தொடங்கினார். சொ. ல். லி. போ. து. ம்.

பேச்சி கையை மூடிக்கொண்டாள். “வீட்டுக்குள்ள வேத்து ஆம்பள குரல் எனக்கு வேணாம் மாமா. இதே இருக்கட்டும்.”

அகிலத்தில் கையெழுத்து கிடையாது. காகிதத்தைப் படித்துப் பார்க்க மனிதனுக்கு அவகாசம் கிடைத்துவிடுமே. ஒரு சொல் சொன்னால் போதும். ஊரெல்லாம் பலகையில் இருக்கும் அவர்களுடைய விளம்பர வாசகம்தான்: ‘அகிலம் வாங்க!’ விருந்துக்கு அழைக்கிறார்களா, காசுக்கு அழைக்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாசகம்.

“ஐயா குரல் இன்னும் அவங்க கணக்குல ஏறலை. நீங்க சொல்லுங்கம்மா. ‘வாங்க’ன்னு மட்டும்.”

“வாங்க,” என்றாள் பேச்சி, வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுவதுபோல. ஒப்பந்தம் ஆனது. வாரிசு என்ற இடத்திலும் அவள் பெயர் ஏறியது.

முதல் வருஷம் நன்றாகவே போனது, சமையலறை ஜன்னலோரத்தில். வீட்டில் அங்கேதான் சிக்னல் ஒழுங்காக வந்தது. கட்டிலைத் தூக்கி அங்கே போட்டார்கள். மலையில் மழை இறங்கினால் சுருளி மறுபடி ஊமை. தெளிந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அதற்குள் என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்கே மறந்திருக்கும்.

பேச்சியின் தம்பி தவமணி வந்தபோதெல்லாம் திட்டினான். “தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்க முடியுமாக்கா? பேசாம அந்தச் சொல்லியை வாங்கியிருக்கலாம்.”

“எனக்குத்தான் கண்ணே இல்லையேடா. குத்துனா என்ன?” என்றாள் பேச்சி.

இரண்டாம் வருஷம் அகிலம் கட்டணத்தை ஏற்றியது. மூன்றே மாதத்தில் மறுபடி ஏற்றியது. சுருளியின் பென்ஷன் தாங்கவில்லை. ‘தாராள’த்திலிருந்து ‘போதுமான’த்துக்கும், அங்கிருந்து ‘சிக்கன’த்துக்கும் இறங்கினார். சிக்கனத் திட்டத்தில் சுருக்கம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. சிக்னல் மெலிந்த ஊர்களில், பேச்சில் தேவையில்லாத சொற்களை எந்திரமே நீக்கிவிட்டு மீதியை மட்டும் குரலாக்கும். பொருள் மாறாது என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் செய்த வேலை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நான்கு பேர், சம்பளமும் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து செய்தது.

அவர்கள் கணக்கில் ‘புள்ள’ தேவையில்லை. கேட்பவர் ஒருவரே என்றால் பெயரும் தேவையில்லை. ‘ஏ புள்ள, பேச்சி, செத்த இப்படி வந்து உக்காரு’ என்று சுருளி உதட்டை அசைப்பார். “உக்காரு,” என்று குரைக்கும் குரலி. ‘சாப்பிட்டுப் பாத்தேன், நல்லாத்தான் புள்ள இருக்கு’ என்பார். “நல்லாருக்கு,” என்னும்.

“என்னா மாமா, இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் வெடுக்குனு பேசுறீங்க?” என்று ஒருநாள் கேட்டாள். “எம் பேரச் சொல்லி எத்தன மாசமாச்சு தெரியுமா?”

சுருளி பதறிப்போய், பெயரை நான்கு தரம் சொன்னார். குரலி ஒன்றையும் ஒலிக்கவில்லை. கையைப் பிடித்து எழுதினார், இது எந்திரம் செய்கிற வேலை என்று. அவள் நம்பினாள். ஆனால் நம்புவது ஒன்று, காதில் விழுவது வேறு. நாள் முழுக்கத் தன் புருஷன் குரலில் அதட்டல் கேட்டால் எந்த மனசு தாங்கும்? அவளும் சுருக்கமாகப் பேசத் தொடங்கினாள். அவளுடையது எந்தத் திட்டத்திலும் சேராதது.

சுருளி தேனிக்குப் போய் அகிலத்தின் சேவை மையத்தில் முறையிட்டார். அங்கே மனிதர் யாரும் இல்லை. ஒரு திரை கனிவாகப் பதில் சொன்னது: “கவலை வேண்டாம். உங்கள் சொல் எதுவும் அழிக்கப்படவில்லை. எல்லாம் எங்கள் தேக்கத்தில் பத்திரமாக உள்ளது.”

வாடிக்கையாளரின் சொல்லை அழிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இல்லை.

மூன்றாம் வருஷம் சுருளிக்கு இருமலில் ரத்தம் வந்தது. புற்று நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. மதுரையில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். போகிற அன்று காலையில் தவமணி காரோடு வந்து வாசலில் நின்றான். கண் தெரியாதவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்தடிக்க வேண்டாம் என்று பேச்சியை வீட்டிலேயே விட்டுப் போவதாக ஏற்பாடு.

சுருளி பையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். ‘போயிட்டு வாரேன் புள்ள’ என்றார்.

இதில் இரண்டு வினைச்சொல் இருப்பதைச் சுருக்கம் கவனித்தது. ஆள் போகிறார், அது தெரிந்தால் போதும். வருவது பிற்பாடு நடக்கப்போகிற காரியம், நடக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

“போறேன்,” என்றது குரலி.

பேச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் வாயிலிருந்து வரக் கூடாத சொல் அது. சாவு வீட்டில்கூட யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, சொல்லாமல் நழுவுவார்கள். “என்ன பேச்சு இது? வாயக் கழுவுங்க. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க மாமா.”

அவர் சொன்னார்.

“போறேன்.”

ஜன்னலோரம் ஓடிப்போய் நின்று சொன்னார். அன்றைக்கென்று மலையில் மூடாப்பு. “போறேன்,” என்றது. பையைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பற்றினார். விரலால் ‘வா’ போட்டார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“கையில வேணாம். வாயால சொல்லுங்க. வாயால சொன்னாத்தான் சொன்னது.”

தவமணி ஹாரன் அடித்தான். “மாமா, எட்டரைக்குள்ள அங்க இருக்கணும்.”

படி தாண்டினவர் திரும்பி வரக் கூடாது என்று, சுருளி தெருவில் நின்றபடியே கடைசியாக ஒருதரம் சொல்லிப் பார்த்தார். “போறேன்,” என்ற அவருடைய சொந்தக் குரல் தெருவிலிருந்து கணீரென்று கேட்டது. கண்டக்டர் குரல் அல்லவா. வழக்கமாக ‘போயிட்டு வாரேன்’ என்பதற்குப் பேச்சி சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ‘போறேன்’ என்பவனுக்கு என்ன பதில் சொல்வது? நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் போனது.

சுருளிவேல் திரும்பி வரவில்லை. அறுவை மேசையிலேயே முடிந்துபோனது என்றார்கள். புற்று முற்றியிருந்தது. எந்தச் சொல் சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும் என்று தவமணி ஆயிரம் தடவை சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். பேச்சிக்கு அது உண்மையில்லை. பதில் சொல்லாமல் அனுப்பினோமே என்பது மட்டும்தான் அவளுக்கு உண்மை. சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அலமாரியில் கிடந்த குரலி மணியடித்தது. தவமணி எடுத்து அக்காவின் கையில் கொடுத்தான்.

“அகிலத்தின் அஞ்சலித் திட்டம்,” என்றது ஒரு பெண் குரல். “மறைந்த எங்கள் வாடிக்கையாளர் திரு. சுருளிவேலின் தேக்கத்தில் இருந்த சொற்களை வாரிசுதாரருக்கு இலவசமாக வழங்குகிறோம்.”

பிறகு சுருளி பேசினார்.

“புள்ள.” கொஞ்சம் இடைவெளி. “பேச்சி. செத்த இப்படி வந்து. ஏ புள்ள. பேச்சி. பேச்சி. பேச்சி. பேச்சி.”

வெட்டுப்பட்ட ஒன்றரை வருஷம், வெட்டிய வரிசையிலேயே வந்தது. காலையில் தொடங்கியது மத்தியானம் வரை நிற்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் போன வாரம்தான் அகிலம் புதுக் கோபுரம் நட்டிருந்தது, குரல் துளியும் பிசிறவில்லை. பேச்சி கட்டிலில் உட்கார்ந்து, குரலியைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டாள். வெடுக்கென்று பேசினார் என்று அவள் முகம் திருப்பிக்கொண்ட ஒவ்வொரு நாளும், அந்த மனுஷன் எத்தனை ‘புள்ள’ போட்டிருக்கிறார்! அவருக்கு நாம் என்னத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்று நினைத்து, வாய்விட்டு அழுதாள்.

கடைசியில் குரல் கொஞ்சம் தயங்கியது.

“வாரேன் புள்ள.”

பேச்சி நிமிர்ந்தாள்.

“வாரேன்.” அடுத்து, ஜன்னலோரத்தில் சொன்னது: “வாரேன்.” பிறகு தெருவிலிருந்து, கணீரென்று: “வாரேன்.”

நாற்பது வருஷப் பழக்கம். யோசிக்கவில்லை. அன்றைக்கு வாசலில் தொண்டையில் சிக்கிக்கொண்ட பதில் தானாக வெளியே வந்தது.

“போயிட்டு வாங்க மாமா,” என்றாள்.

கோபுரம் புதுசு, திட்டம் பழசு. சிக்கனத் திட்டம் இன்னும் நடப்பில்தான் இருந்தது. காதோடு இருந்த பெட்டி அவள் சொன்னதையும் கேட்டது; அதில் தேவையில்லாததை நீக்கிவிட்டு, மீதி ஒரு சொல்லை அது காப்பகத்துக்கு அனுப்பியது.

‘வாங்க.’

“மிக்க நன்றி, பேச்சியம்மாள் அவர்களே,” என்றது குரலி. அதே சுருளிவேல் குரல். பெயரை வெட்டவில்லை. நிறுவனத்தின் சொந்தப் பேச்சுக்குச் சுருக்கம் கிடையாது. “உங்கள் ஒப்புதல் பதிவாகிவிட்டது. அஞ்சலித் திட்டத்தின் கீழ் உங்கள் கணவரின் குரலோடு நீங்கள் இன்னும் மூன்று வருஷம் தொடரலாம். கட்டண விவரம் நாளை சொல்லப்படும்.”

பேச்சி அந்தச் சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். தவமணி அதைப் பிடுங்க வந்தான். அவள் கொடுக்கவில்லை.

வாடிக்கையாளர் வீட்டு வழக்கப்படி விடைபெற வேண்டும் என்பது அகிலத்தின் விதி. ஒரு சொல்லும் குறையாமல் அது விடைபெற்றது.

“போயிட்டு வாரேன் புள்ள.”