மொம்பாசாச் செடி

ஊற்றிய தண்ணீர் தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே வரவில்லை. ஷ்யாமளா குனிந்து பார்த்தாள். மாட்டுங்கா வெயிலில் பால்கனித் தரை கொதித்தது. தொட்டிக்கடியில் வைத்த தட்டு காய்ந்தே கிடந்தது.

கணவனை இழந்து மொம்பாசாவிலிருந்து கப்பலில் திரும்பிய நாத்தனார் விசாலாக்ஷி கொண்டுவந்த செடி அது. மண்ணுக்கு மேலே கருணைக்கிழங்கு போலப் பருத்த அடித்தண்டு, உச்சியில் நாலைந்து இலை. தண்ணீரைத் தண்டிலேயே சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கேட்காமல் இருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், அமுங்கினால்தான் தாகம். அனாவசியமாக ஊற்றினால் அழுகிவிடும்.

ஷ்யாமளா அழுத்தினாள். அமுங்கியது. நேற்றும் ஊற்றியிருந்தாள், இன்று காலையிலும்.

செடியை விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் தாகம் என்று நினைத்தாலே அந்த நாள் ஞாபகம் வந்தது. மாமனாரின் திவசத்தன்று விசாலாக்ஷி டைபாய்டில் உள்ளறையில் கிடந்தாள். ஷ்யாமளா மடியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள்; நோயாளியைத் தொட்டால் மறுபடி குளித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஷ்யாமு, ஒரு வாய் ஜலம் தாயேன்."

"மடியா இருக்கேன் அக்கா. பிராமணா சாப்ட்டு எழுந்துக்கட்டும்."

மறுபடி கேட்டபோது காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள். வைதிகர்கள் போனபின் டம்ளரோடு உள்ளே போனால், விசாலாக்ஷியின் உயிர் போயிருந்தது. உதடுகள் வெடித்திருந்தன.

கடைசியில் ஜலம் கொடுத்தாயா என்று கணவன் சுந்தரராமன் கேட்டான். கொடுத்தேன் என்றாள். அந்தப் பொய்யைத்தான் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் சொல்லிச் சொல்லி ஆறுதல்பட்டான். பாவி நான், பாவி என்று அவள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலத்துக்கென்று பிடித்துவைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து தொட்டியில் அப்படியே கவிழ்த்தாள். மண் தயங்காமல் உறிஞ்சியது. ஈரமண் வாசனைக்குப் பதிலாகக் கற்பூரமும் மருந்தும் வேர்த்த போர்வையும் கலந்த அந்த உள்ளறை நெடி எழுந்தது. கீழே தெருவில் வண்டிச் சத்தம் எதுவுமில்லை. தொட்டிக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது.

மடக். மடக்.

யாரோ விழுங்கும் சத்தம்.

மண்டியிட்டாள். தண்டின் பக்கவாட்டில் ஒரு வெடிப்பு. காலையில் அது இல்லை. ஈரக் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

வெடிப்பு மூடிக்கொண்டது. விரலைக் கவ்வியபடி. காய்ந்து, சொரசொரவென்று, ஜுரச் சூட்டோடு.

சப்பியது.

இழுத்தால் வந்துவிடும், அவ்வளவு பலவீனமான பிடி. அவள் இழுக்கவில்லை.

"குடிங்கோ அக்கா," என்றாள்.

விரல்நுனி சுருங்கியது. பிறகு உள்ளங்கை. மணிக்கட்டு மெலிந்து, வளையல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மண்ணில் விழுந்தன.

வாசற்கதவு திறந்தது. ஆபீசிலிருந்து யாரையோ கூட்டிவந்திருந்த சுந்தரராமன் கூடத்தில் பேசுவது கேட்டது.

"அக்கா நிம்மதியாத்தான் போனா. கடைசில இவதான் ஒரு வாய் ஜலம் குடுத்தா."

இல்லை, கொடுக்கவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும். ஷ்யாமளா வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. துளி எச்சில் இல்லை. உதட்டோரம் கிழிந்தும் ரத்தம் வரவில்லை. கூடத்தில் அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். தண்டின் அந்த வாய் அவள் முழங்கையைத் தாண்டி, அவசரமில்லாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தது.