பன்னிரண்டாம் வார ஸ்கேன்

குழந்தை திரும்பவே இல்லை. டீச்சரை இருமச் சொல்லியாயிற்று, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியாயிற்று, வராந்தாவில் நாலு நடை நடந்துவிட்டு வரவும் சொல்லியாயிற்று. திரையில் அது வைத்தது வைத்தபடி கிடந்தது. இந்த மாதத்துக் குழந்தை ஓர் இடத்தில் இராது, மீன்குஞ்சு போலத் துள்ளும். பத்தொன்பது வருஷமாக ஸ்கேன் அறையின் இருட்டிலேயே பகலைக் கழித்துவந்த டாக்டருக்கு இது புதிது.

"என் கிளாஸ் கடைசி பெஞ்சு மாதிரி, சொன்ன பேச்சே கேக்காது போல" என்று டீச்சர் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏற்கெனவே ரெண்டு தங்கலை டாக்டர். எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க."

"இதயம் நல்லாத் துடிக்குது பாருங்க. கழுத்துக்குப் பின்னாடி நீர் எவ்வளவு இருக்குன்னு அளக்கணும். அது சரியா இருந்தா பாதிக் கவலை போச்சு."

ஏசியின் முனகலையும், கதவுக்கு வெளியே அவள் கணவன் செருப்புத் தேய நடக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே, ஜெல் வழுக்கும் வயிற்றின்மேல் கருவியை டாக்டர் மெல்லச் சாய்த்தார். கழுத்து தெரிந்தது. அதன் பின்னால் நான்கு வெள்ளைக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வெறும் நிழல் என்று நினைத்தார். ஆனால் நிழலுக்கு இந்த வெண்மை வராது. எலும்புக்குத்தான் வரும். ஒவ்வொரு கோடும் மூன்று துண்டாக, மடங்கும் இடங்களில் விட்டுவிட்டு இருந்தது.

வேறு கருவியை எடுத்து வைத்தார். கோடுகள் போகவில்லை. குழந்தையின் நெஞ்சுக்கு முன்னால் ஐந்தாவது ஒன்றும் இருந்தது. குட்டையாக, தடித்து.

அளந்தார். குழந்தை ஆறு சென்டிமீட்டர். கோடுகளில் நீளமானது எட்டு.

"டாக்டர், இப்பவே அசைவு தெரியுமா?"

"தெரியாதும்மா. நாலு மாசமாவது ஆகணும்."

"எனக்கு ஒரு வாரமா தெரியுதே. உள்ள யாரோ தட்டிக் கொடுக்கிற மாதிரி. அப்படியே எனக்கும் கண்ணு சொக்கிடும்."

திரையில் கோடுகள் விரிந்தன. குழந்தையின் முதுகில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பதமாக.

படத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

குழந்தை உறைந்தது. துடிப்பு உறைந்தது.

விரல்கள் நிற்கவில்லை.

"டீச்சர், எழுந்திருங்க." டீச்சர் வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

விரல்கள் குழந்தையை விட்டன. மேலே வந்தன. திரை முழுவதும் ஓர் உள்ளங்கை.

கருவியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். டீச்சரின் ஒட்டிய வயிற்றில், தோலுக்கு அடியிலிருந்து ஐந்து விரல்நுனிகள் புடைத்து எழுந்து, கருவியைச் சுற்றி ஒவ்வொன்றாக மடங்கின.