டீ குடிக்கப் போனவன்

கூடத்தில் ஜெபத்துக்குப் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. நீலாவதிக்குக் கை ஓடவில்லை. சபையாருக்கு டீயும், டீ ஆகாத புருஷன் தங்கதுரைக்குத் தனியாகச் சுக்குக் காபியும் அடுப்பில் கொதித்தன.

"நீலா, இன்னிக்காவது எறங்கி வா," என்றாள் ஓரகத்தி பூர்ணிமா. "எல்லாரு முன்னாடியும் முட்டி போட்டு, ரத்தம் ஏத்துனது தப்புன்னு சொல்லிடு. ஒன்னால தம்பியும் இல்ல தலகுனிஞ்சி ஒக்காந்திருக்காரு!"

"சொல்றேங்க்கா..."

ரத்தம் ஏற்றுவது அவர்கள் சபைக்கு ஆகாது. டெங்குவில் மகள் வெண்பாவுக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்தபோது, ஏற்றாவிட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் கையெழுத்துக் கேட்டார். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போன புருஷன் திரும்புவதற்குள் இவள் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பீங்கான் கம்பெனியிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவான். ஐயோ, அவருக்குத் தெரியாமல் செய்துவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு குத்தியது.

கூடத்தில் போய் மண்டியிட்டாள். சபையை நடத்துகிறவர் தங்கதுரையின் அண்ணன் ராஜ்மோகன்தான்.

"சொல்லும்மா."

"நான் செஞ்சது..."

வெண்பா ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். "நான் பொழைச்சது தப்பாம்மா?"

நீலாவதி எழுந்துவிட்டாள். "என்னால முடியாதுங்க மாமா! அவரு கால்ல வுழுறேன்... எம்புள்ள உசுரு தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்!"

"அவள வுடுண்ணே!" தங்கதுரை எழுந்தான். குரல் உடைந்திருந்தது. "நான் டீ குடிச்சி எப்பனா பாத்திருக்கியா?"

ராஜ்மோகன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அங்க நின்னா வேணாம்னு சொல்லணும். சொன்னா புள்ள போயிடும். அதான் டீன்னு சொல்லிட்டு வெளிய ஓடுனேன்... அவ போடட்டும்னு! பாவத்த அவ தலையில கட்டிட்டு நல்லவனாட்டம் ஒக்காந்திருக்கேண்ணே!"

அவள் மண்டியிட்ட அதே பாயில் அவன் மண்டியிட்டான், அவளைப் பார்த்து. ராஜ்மோகன் வேதத்தை மூடிவைத்தார்.

தினமும் தன் கையால் சுக்குக் காபி போட்டவள்தானே... அது ஏன் அவளுக்கு உறைக்காமல் போயிற்று!

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ஒங்க மொகத்தப் பாக்க முடியாம செத்துச் செத்துப் பொழைச்சேனே..."

அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. வெண்பாதான் பிடித்தாள்.

நீலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க... புள்ள பாக்குது," என்றாள். "சுக்குக் காபி சுண்டிப்போவுது."