சூடா ஒரு அக்கா

பேருந்தின் சக்கரம் பஞ்சரானது போதாதென்று, மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. வேறு வண்டி வரும்வரை எல்லாரும் சாலையோரத்தில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

குருவிக்கு வயது பத்து. வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் வைத்த பெயர் அது. ஆனால் இப்போது அவள் பேச்சு யார் காதிலும் விழாது. அவளுடைய இரண்டு வயதுத் தம்பி பொடியன், பசியில் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு எப்போதோ தீர்ந்துவிட்டது.

கூட வந்தவர்கள் முதலில் 'உச்' கொட்டினார்கள். பிறகு முகத்தைச் சுளித்தார்கள். அம்மா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்தாள். குருவிக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எதிரே ஒரே ஒரு சின்னக் கடை இருந்தது. அப்பா குருவியையும் பொடியனையும் அங்கே கூட்டிப் போனார். முட்டை தீர்ந்துவிட்டதாம். காலையில் வந்த பன்னும், சரியாகப் பழுக்காத வாழைப்பழமும், கொஞ்சம் வெண்ணெயும்தான் மிச்சம் என்றார் கடைக்காரம்மா.

பொடியன் பன்னைக் கடித்துப் பார்த்தான். பல் இறங்கவில்லை. வீசி எறிந்தான். அது உருண்டு போய், கடையோரம் நின்றிருந்த பேருந்து ஓட்டுநரின் காலில் இடித்தது.

"பந்து நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர்.

வாழைப்பழத்தையும் பொடியன் துவர்ப்பு தாங்காமல் துப்பிவிட்டான்.

"காலைல மெத்துனுதான் இருந்துச்சு, பாப்பா," என்றார் கடைக்காரம்மா. அவர் குரல் இறங்கிவிட்டது. ஒரு கூடைப் பன் அப்படியே கிடந்தது.

குருவி யோசித்தாள். வீட்டில் ரொட்டி காய்ந்துபோனால் அம்மா தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சூடாக்குவாள். அது மறுபடி பஞ்சாகிவிடும். பன் மட்டும் ஆகாதா? பழத்தையும் வெண்ணெயில் வதக்கினால் துவர்ப்புப் போய்விடுமே?

தயங்கித் தயங்கிக் கடைக்காரம்மாவிடம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. முட்டை பொரிக்கும் கல்லை அடுப்பில் ஏற்றினார். "நீ சொல்லு. நான் செய்றேன்," என்றார்.

முதல் பன் கரிந்துபோனது. குருவிக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா அதை எடுத்து நறுக்கென்று கடித்தார். கரி பல்லுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்று முடித்தார்.

அடுத்த முறை குருவி தீயைக் குறைக்கச் சொன்னாள். பழத்தை மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தாள். வெண்ணெயில் அது பொன்னிறமானதும் ஒரு சிட்டிகைச் சர்க்கரை தூவினார்கள். பன்னைப் பிளந்து அதை உள்ளே வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மூடினார்கள். மூடியைத் திறந்தபோது கிளம்பிய வாசனை சாலையைத் தாண்டிப் போனது.

குருவி ஊதி ஊதி ஆற்றி, ஒரு துண்டைத் தம்பியின் வாயில் வைத்தாள். அழுகை பாதியில் நின்றது. கன்னத்தில் கண்ணீர் காயாமலே அவன் மென்றான். விழுங்கினான். கையை நீட்டினான்.

"பார்றா!" என்று ஓட்டுநர் கிட்டே வந்தார். "இதுக்குப் பேரு என்ன?"

குருவி விழித்தாள். பேரைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"அக்கா! அக்கா!" என்று இன்னொரு துண்டுக்காகக் கத்தினான் பொடியன்.

"அப்ப எனக்கும் சூடா ஒரு அக்கா குடுங்கம்மா," என்றார் ஓட்டுநர்.

அவ்வளவுதான். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் இரண்டு அக்கா கேட்டார். இன்னொருவர் சர்க்கரை தூக்கலாக ஓர் அக்கா கேட்டார். பல் போன பெரியவர் ஒருவர், நல்ல மெத்தென்ற அக்காவாகப் பார்த்துத் தரச் சொன்னார். குருவி பழம் நறுக்கினாள். மூடியை எப்போது திறப்பது என்று சொன்னாள். கடைக்காரம்மாவுக்குக் கை ஓயவில்லை. நாளையிலிருந்து தினமும் இதைப் போடப்போவதாக எல்லாரிடமும் சொன்னார்.

"இது யார் வீட்டுப் பொண்ணு?" என்று ஒரு பெண்மணி விசாரித்தது குருவியின் காதில் விழுந்தது.

"என் பொண்ணு," என்றாள் கூட்டத்தோடு வந்து நின்ற அம்மா. இப்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது.

மாற்று வண்டி வந்து நின்றபோது கூடை காலி. கடைசி அக்காவைக் காகிதத்தில் சுற்றிக் குருவியின் கையில் கொடுத்தார் கடைக்காரம்மா. அப்போதுதான், தான் இன்னும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

வண்டி கிளம்பியது. அம்மாவின் மடியில் பொடியன் வயிறு நிறைந்து தூங்கினான். குருவி ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் வாய் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"நானே சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று பாதியைப் பிய்த்து நீட்டினாள் குருவி. "நீ சாப்பிட்டுச் சொல்லும்மா."