பார்போரா தின்னவில்லை

பார்போராவை விற்றுவிடலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. பார்போராவை யாரும் கேட்கவில்லை, அது ஆடு. அதை வளர்த்த வைவாவையும் யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பத்து வயது, நன்றாகவே பேசுவாள்.

"சனிக்கிழமை வேன் வருது," என்றார் அப்பா, பீட்ரூட் சூப்பைக் கலக்கிக்கொண்டே. "ஊரோட ஒத்துப் போகணும்மா."

"ஊர் தப்பாச் சொன்னா?"

"சூப்பைக் குடி."

வைவா குடிக்கவில்லை.

போன வருடப் புயலில் குன்றின் மேலிருந்த பைன் மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. எங்கள் ஊர் மணல் மேல் இருக்கிறது. மரங்கள் போனதும் மணல் கிளம்பியது. ஜன்னலில் மணல், படுக்கையில் மணல், கடித்த ரொட்டியில் மணல். அதனால் பனி உருகியதும், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவிலேயே ஊரார் பைன் கன்றுகளை நட்டார்கள். முன்னால் நின்று நடத்தியவர் கடைக்காரர் கெனோவைதே அத்தை.

குளிர்காலம் வந்தால் ரோஜாச் செடிகளையும் கல்லறைகளையும் பைன் கிளைகளால் போர்த்துவது எங்கள் வழக்கம். "இதுங்களும் குழந்தைங்கதானே, ராத்திரியில குளிராதா?" என்றார் அத்தை. ஆகவே ஒவ்வொரு கன்றின் அடியிலும், புதிதாக வெட்டிய கிளைகளையும் உரித்த பட்டைகளையும் சுற்றிப் போர்த்தினார்கள். வைவாவும் போர்த்தினாள். பார்க்க அழகாக இருந்தது.

மே மாதக் கடைசியில் கன்றுகள் பழுப்பாக மாறத் தொடங்கின.

"ஆடுதான்," என்றார் அத்தை, கடையில் எல்லோர் முன்னாலும். "கயித்த அத்துக்கிட்டுக் குன்றுப் பக்கம் ஓடினத என் கண்ணால பார்த்தேன்."

"ஓடினது நிஜம்தான். ஆனா தின்னல அத்தை. இலையெல்லாம் அப்படியே இருக்கே!"

"தின்னலைன்னா மூத்திரம் பேஞ்சிருக்கும்."

"அத்தனை கன்னு மேலயுமா? அவ ஆடு அத்தை, தீயணைப்பு வண்டி இல்ல."

ரொட்டி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "உனக்கு வாய் நீளம்," என்றார். "ஆடு போனாத்தான் கன்னு பொழைக்கும். அவ்வளவுதான்."

வைவா வீட்டுக்குப் போய் ஒரு பைன் கிளையை பார்போராவிடம் நீட்டினாள். பார்போரா நுனியைக் கடித்துத் துப்பியது. இன்னொரு கிளையை நீட்டினாள். மறுபடியும் நுனி. எப்படித் திருப்பிக் கொடுத்தாலும் அது நுனியைத்தான் தேடியது.

மறுநாள் பள்ளி முடிந்ததும் வைவா குன்றில் ஏறினாள். பழுப்பான கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் நுனி கடிபடவில்லை. கடைசி வரிசை மட்டும் இன்னும் பச்சையாக நின்றது.

"ஆட்டுக்கு வக்கீல் வந்தாச்சு!" என்று பின்னால் குரல் கேட்டது. அவள் வகுப்பில் படிக்கும் ஆர்னஸ். கெனோவைதே அத்தையின் மகன். "ஃபீஸ் எவ்வளவு? புல்லாத் தருமா?"

"வேலை இல்லைன்னா இந்தக் கிளையத் தூக்கு."

மேலே கடிபடவில்லை என்றால் கீழே பார்க்க வேண்டும். இருவரும் ஒரு கன்றைச் சுற்றிப் போர்த்தியிருந்த கிளைகளை விலக்கினார்கள். மண்ணை ஒட்டினாற்போல் தண்டில் பட்டையே இல்லை. எதுவோ சின்னச் சின்னதாகக் கொறித்து, சுற்றிலும் வெள்ளையாக்கி வைத்திருந்தது. அதன் மேல் பிசின் முத்து முத்தாகக் காய்ந்திருந்தது.

"பார்போரா வாய் இவ்ளோ சின்னதா?" என்றாள் வைவா.

"எலியா இருக்கும்."

"இருக்கலாம்." அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பக்கத்தில் கிடந்த பட்டையைப் புரட்டினாள். அதன் உள்பக்கம் கரும்பழுப்பாகச் சில மண் கட்டிகள் ஒட்டியிருந்தன. ஒன்றை விரலால் தட்டினாள். அது காலை மடக்கிக்கொண்டு கீழே விழுந்தது. மண் கட்டிக்கு ஏது கால்?

"செத்துப்போச்சு," என்றான் ஆர்னஸ்.

"நடிக்குது. சும்மா இரு."

இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்னஸின் கால் மரத்துப்போன நேரத்தில், ஒரு மெல்லிய கால் வெளியே வந்தது. பிறகு நீளமாக ஒரு மூக்கு.

"ஏய், மூக்கப் பாரு! யானைக்குட்டி மாதிரி!" ஆர்னஸ் துள்ளினான். "சரி, இந்த வண்டுதான். வா, போய்ச் சொல்லலாம்."

"இல்ல. இது இங்க இருந்துச்சு, அவ்வளவுதான் தெரியும். பார்போராவும்தான் இங்க இருந்தா. அதுக்காக அவமேல பழி போட்டது சரியா?"

அவள் இரண்டு ஜாம் பாட்டில்களைக் கொண்டுவந்து, இரண்டிலும் பச்சைப் பைன் குச்சியை வைத்தாள். ஒன்றில் மட்டும் வண்டுகளை விட்டாள். மறுநாள் மாலை பார்த்தபோது, வண்டு இல்லாத பாட்டிலில் குச்சி அப்படியே இருந்தது. வண்டு இருந்த பாட்டிலில் குச்சியின் பட்டை கொறிக்கப்பட்டு வெள்ளையாக இருந்தது.

"இப்ப சொல்லலாம்," என்றாள் வைவா. பிறகு குன்றின் பக்கம் பார்த்தாள். "ஆனா அந்தக் கடைசி வரிசை மட்டும் ஏன் பச்சையா இருக்கு? அது யார் நட்டது?"

ஆர்னஸ் வானத்தைப் பார்த்தான்.

"நீயா?"

"மெதுவாப் பேசு! கிளை தூக்கிக் கை வலிச்சுச்சு. போர்த்தாம மீன் புடிக்கப் போயிட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையும் வேன்ல ஏத்திருவாங்க."

வைவா அந்த வரிசைக்கு ஓடினாள். கன்றுகளைச் சுற்றி வெறும் மணல். ஒரு வண்டு கூட இல்லை. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பக்கத்து வரிசையில் கிளைகளை விலக்கிப் பார்த்தாள், அங்கே வண்டுகள் இருந்தன. தன் கைகளை முகர்ந்து பார்த்தாள். கிளைகளை விலக்கிய கைகளில் புதுப் பைன் வாசனை அடித்தது.

"இந்த வாசனைக்குத்தான் வருது," என்றாள் மெதுவாக. "நாமதான் விருந்து வச்சுக் கூப்பிட்டிருக்கோம்."

சனிக்கிழமை காலையில் எல்லோரும் குன்றின் மேல் இருந்தார்கள். காய்ந்த கன்றுகளைப் பிடுங்க வந்திருந்தார்கள். வைவா பாட்டில்களோடு நடுவில் போய் நின்றாள். பாட்டில்களை உயர்த்திக் காட்டினாள். கண்டதையெல்லாம் சொன்னாள். வண்டைப் பற்றிச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள், போர்வையைப் பற்றிச் சொன்னதும் முகம் சுளித்தார்கள்.

"என்னது?" என்றார் கெனோவைதே அத்தை. "நாங்க போர்த்தினதாலதான் செத்துச்சா? வருஷா வருஷம் எங்கப்பா கல்லறையப் போர்த்துறேன். அதனால அவர் செத்தா போயிட்டார்?"

"அவர் ஏற்கெனவே..." என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"என் மூஞ்சியப் பாக்காதீங்க அத்தை," என்றாள் வைவா. "கன்னுங்களப் பாருங்க. குனிஞ்சு பாருங்க."

"ஆட்ட விக்கக் கூடாதுன்னு அழுது அடம் புடிக்கிறியா?"

"நான் அழல. அடம்தான் புடிக்கிறேன்." அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருத்தராவது குனிஞ்சு பாக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

யாரும் குனியவில்லை. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்து இழுத்துப்போகத்தான் வருகிறார் என்று வைவா நினைத்தாள். அப்பா அவள் பக்கத்தில் மண்டியிட்டார். கிளைகளை எடுத்துப் போட்டார். தண்டைத் தடவிப் பார்த்தார்.

"பட்டையே இல்லீங்க," என்றார் எல்லோரிடமும். "ஆடு இப்படிக் கொறிக்காது."

"அப்ப கடைசி வரிசை?" என்றார் அத்தை விடாமல். "அது பச்சையாத்தானே இருக்கு? யாரோ நல்லாப் போர்த்தியிருக்காங்க!"

எல்லோரும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார்கள். வைவா ஆர்னஸைப் பார்க்கவில்லை. அவனாகச் சொன்னால்தான் உண்டு.

"நான்தாம்மா," என்றான் ஆர்னஸ். "போர்த்தவே இல்ல."

"அன்னைக்குப் பூரா எங்கடா இருந்தே?"

"ஆத்துல. ஒரு மீன் கூட கிடைக்கல."

முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெனோவைதே அத்தை மட்டும் சிரிக்காமல் கடைசி வரிசை வரை நடந்து போனார், திரும்பி வந்தார். வைவாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

நிமிர்ந்தபோது அவர் கையில் ஒரு கிளை இருந்தது. அதைத் தூர வீசினார்.

"நிக்கிறீங்களே! எல்லாத்தையும் எடுங்க! சுத்தி வெறும் மணல்தான் இருக்கணும்!"

"பட்டைய மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க," என்றாள் வைவா. "அதோட பச்சைப் பட்டையும் கொஞ்சம் வெட்டிட்டு வந்து, கன்னுங்ககிட்ட இல்லாம ரோட்டோரமாப் போடுவோம். வண்டெல்லாம் அதுக்கடியில வந்து படுக்கும். தினம் காலையில பொறுக்கிறலாம்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "ஒரு பாட்டில் வண்டு கொண்டு வந்தா ஒரு ஐஸ்கிரீம்," என்று மட்டும் அறிவித்தார். சிறுவர்கள் பட்டை தேடி ஓடினார்கள். ஆர்னஸ்தான் முதலில் ஓடினான்.

அப்போது குன்றின் அடியில் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"வணக்கம். ஆடு எங்க இருக்கு?"

வைவா எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கெனோவைதே அத்தை கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எந்த ஆடு?" என்றார். "எங்க ஊர்ல யாரும் ஆடு விக்கலையே."

கீழே, வைவா வீட்டு வேலிக்குள்ளிருந்து, பார்போரா அடித்தொண்டையில் கத்தியது. ஊரில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.