பாதி டாங்க் பெட்ரோல்

பொங்கியண்ணன் வேனின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கண் திறந்திருந்தது. வெள்ளை வேட்டி கசங்கவில்லை. பின்மண்டையில் மட்டும் ஒரு பிளவு... அதில் ஈ!

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து முப்பது மிஷின் ஓட்டிய மனிதர். 1964 சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், நெருப்பெரிச்சல் ரோட்டு வேலங்காட்டு ஓரம் செத்துப் போயிருந்தார்.

பக்கத்தில் ஒரே ஒரு ஆள். டிரைவர் கியாசுதீன்.

போலீசிடம் அவன் சொன்னது இவ்வளவுதான். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. முதலாளியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டவுனுக்கு நடந்தான். ஒரு டின் பெட்ரோல் வாங்கி, வாடகை சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பினான். வந்து பார்த்தால் முதலாளி இப்படி இருந்தார்.

ஏட்டு நம்பவில்லை. நம்பியிருந்தால் அவர் ஏட்டாகவே ஆகியிருக்க மாட்டார்! பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. கியாசுதீன் லாக்கப்புக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் திருமூர்த்தி கேம்ப் முடிந்து திரும்பினார். ஸ்டேஷன் வளாகத்தில் நின்ற வேனில் ஏறினார். சாவியைத் திருப்பினார்.

பெட்ரோல் முள் மெல்ல எழுந்து... பாதியில் நின்றது.

தீர்ந்து போன டாங்க்கில் பாதி பெட்ரோல்!

ஜெனரல் டைரியைப் புரட்டினார். 'வண்டி மாடு பூட்டி இழுத்து வரப்பட்டது' என்று ரைட்டர் குண்டு குண்டாக எழுதியிருந்தார். ரோட்டில் படுத்துக்கொண்ட எந்த வண்டியும் ஸ்டேஷனுக்கு வருவது அப்படித்தான். ஆக, வழியில் யாரும் சொட்டுப் பெட்ரோல் ஊற்றவில்லை. கியாசுதீன் வாங்கியதாகச் சொன்ன டின் சும்மா கிடந்தது. உள்ளே வாசனை மட்டும்தான் மிச்சம்.

வண்டி ஓடும் நிலையில் இருந்திருக்கிறது. முதலாளியை அடித்துப் போட்டுவிட்டு, பெட்ரோல் வாங்கப் போன மாதிரி ஒரு நாடகம்! இதைக் கோர்ட்டில் வைத்தால் தூக்குத்தான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. முள் பொய் சொல்கிறதா?

சாட்சிப் பொருளை ஓட்டிக் கெடுக்க வேண்டாமென்று, வேனை ஜீப்பில் கட்டி வீரபாண்டி பிரிவில் இருந்த அய்யூபின் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துவரச் சொன்னார். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். கூடவே இன்ஸ்பெக்டரும் வந்தார்.

"ஏனுங்க அய்யூப், கியாசுதீன் உங்க மச்சான்னு தெரியும். ஆனா இந்த ஊர்ல மீட்டர் வேல தெரிஞ்சது நீங்க ஒருத்தருதான். முள்ளு நெசஞ் சொல்லுதா, பொய் சொல்லுதான்னு மட்டும் எழுதிக் குடுங்க. நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னும் தெரியும்."

"சரிங்க."

மூன்று நாளாக அய்யூபின் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். கியாசுதீன் அவன் தங்கை முனவர் பேகத்தின் புருஷன். அவளுக்கு ஏழாம் மாதம். அண்ணன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள்தான், அழவும் இல்லை, எழவும் இல்லை. போலீஸ் மச்சானைப் பார்க்கவும் விடவில்லை. அய்யூப் சோறு தின்றான், உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

ஒர்க்ஷாப்புக்குப் பின்னால்தான் வீடு. வேன் வந்த சத்தம் கேட்டு அவள் ஜன்னலோரம் வந்தாள்.

"அண்ணா... முள்ளு கெட்டுப் போயிருக்கும்ல?"

"பாக்கறேன்."

பழைய வேன். டேஷ் போர்டில் நாலு மீட்டர். ஹீட் மீட்டர் செத்திருந்தது. ஆயில் மீட்டர் செத்திருந்தது. ஆம்பியர் மீட்டர் இழுத்துக்கொண்டிருந்தது. நாலில் மூன்று கோளாறு! நாலாவது மட்டும் யோக்கியமாக இருக்குமா?

அய்யூபுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

போர்டைக் கழற்றினான். பின்னால் எர்த் ஒயர் துருப்பிடித்துத் தொங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினான். மூன்று முள்ளும் உயிர் பெற்றன. பெட்ரோல் முள்? அதே பாதி. அதற்கு எர்த் தனி ஒயர். அது பளபளவென்று இருந்தது.

டாங்க் பக்கம் போனான். மேலே இருந்த ஒயரைப் பிடுங்கினான். முள் முழுசுக்கு ஓடியது. ஒயரைப் பாடியில் வைத்தான். முள் சைபரில் விழுந்தது. இந்த ரக மீட்டருக்கு அதுதான் கணக்கு. மீட்டரில் பழுதில்லை.

ஆறு ஸ்குரூவைக் கழற்றி, பெட்ரோலில் மிதந்து முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையை வெளியே எடுத்தான். கையால் தூக்கினால் முள் ஏறியது. இறக்கினால் இறங்கியது. மிதவையிலும் பழுதில்லை.

கடைசியாக ஒரு மூங்கில் குச்சியை டாங்க்குக்குள் விட்டான்.

சரியாகப் பாதி நனைந்திருந்தது.

முள் சொன்னது சத்தியம். அப்படியென்றால் மச்சான் சொன்னது பொய். அப்படியென்றால்...

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கோபமாவது வருமா என்று பார்த்தான். அதுவும் வரவில்லை. முனவருக்குப் பிறக்கப் போகும் பிள்ளைக்கு அத்தா இருக்க மாட்டான் என்று நினைத்தான். யாரோ எவருடைய பிள்ளையையோ நினைத்த மாதிரி இருந்தது.

காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போனார். அந்தக் காலத்துக் கான்ஸ்டபிள்கள் டீ குடிக்கப் போனால் பேப்பரும் படித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அய்யூபின் மனசு எதுவும் சொல்லவில்லை. கை மட்டும் வேலை செய்தது. டாங்க்கின் அடியில் இருந்த திருகைக் கழற்றி நாலு கேலன் பெட்ரோலையும் ஒரு டின்னில் இறக்கினான். டின்னைக் கொண்டுபோய்ப் பழைய டயர்களுக்கு நடுவே வைத்தான். மிதவைக் கம்பியைப் பாதி உயரத்தில் பிடித்து, அதன் மூட்டைப் பிளையரால் ஒரே ஒரு நெரி. கம்பி அங்கேயே இறுகிக்கொண்டது. மேலே கொஞ்சம் அழுக்கு தடவி, ஆறு ஸ்குரூவையும் பூட்டினான்.

இருபது வருஷத் தொழிலில் ஒரு வண்டியை அவன் கெடுத்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அய்யூப் முந்திக்கொண்டான்.

"பாத்துட்டனுங்க. தொட்டி காலிங்க. மெதவ பாதியில சிக்கியிருக்குது. பெட்ரோல் தீந்தாலும் முள்ளு பாதியிலயேதான் நிக்கும்ங்க."

திருமூர்த்தி வாயை மூடிக்கொண்டார். மூங்கில் குச்சியை வாங்கித் தானே டாங்க்குக்குள் விட்டார். காய்ந்த குச்சி வந்தது. சாவியைத் திருப்பினார். முள் பாதிக்கு வந்தது.

"எத்தன நாளா இப்புடி இருக்குங்க?"

"மாசக்கணக்கா இருக்கும்ங்க."

"எழுதிக் குடுங்க."

எழுதினான். கையெழுத்துப் போட்டான். இன்ஸ்பெக்டர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டார்.

"இது வேண்டாம்னு சொல்லத்தான் வந்தனுங்க. நீங்க முந்திக்கிட்டீங்க."

அய்யூப் நிமிர்ந்து பார்த்தான்.

"லிங்கசாமின்னு நம்ம கான்ஸ்டபிள். லீவு முடிஞ்சு மத்தியானந்தான் வந்தான். அன்னிக்கு வண்டியக் கொண்டார அவனத்தான் உட்டுட்டு வந்திருக்காங்க. தோட்டந் தோட்டமாப் போயி மாடு கேட்டிருக்கான். பொணம் உக்காந்த வண்டிக்கு எங்க மாட்டப் பூட்ட மாட்டோம்னு ஒரு தோட்டக்காரப் பண்ணாடியும் குடுக்கல."

"அப்பறங்க?"

"இவன் என்ன பண்ணுனான், பக்கத்துல உங்க மச்சான் கொண்டாந்து வெச்ச டின் முழுசா இருந்துச்சு. தூக்கி டாங்க்குல ஊத்தி, தானே ஓட்டிக்கிட்டு வந்துட்டான். ஊத்தறப்ப முள்ளு சைபர்ல கெடந்துச்சாம். வண்டிய நிறுத்திப்போட்டு நேரா அவங்கூரு கோயில் நோம்பிக்குப் பஸ் ஏறிட்டான். ரைட்டரு எப்பவும்போல மாடு பூட்டின்னு எழுதிப்போட்டாரு."

மச்சான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை!

மிச்சத்தையும் இன்ஸ்பெக்டர் சாவகாசமாகச் சொன்னார். மாடு கேட்டுப் போன இடத்தில் ஒரு பண்ணாடி, பொங்கியண்ணனின் பங்காளி தங்கவேலுவின் மோட்டார் சைக்கிள் அன்று வேலங்காட்டில் நின்றதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். லிங்கசாமி அதை இன்று வந்துதான் சொன்னான். தங்கவேலுவுக்கு விழுந்தது ஒரே ஒரு அறை. கம்பெனியைப் பாகம் பிரிக்கிற தகராறில் இரும்புக் கம்பியால் அடித்ததை ஒப்புக்கொண்டுவிட்டான். கம்பி கிணற்றில் கிடைத்தது.

"அப்ப... மச்சானு?"

"உட்டாச்சுங்க. இந்நேரம் இங்க வந்துட்டே இருப்பாரு."

மூன்று நாளாக மரத்துக் கிடந்த நெஞ்சில் ஏதோ சுரீரென்றது. அய்யூபின் கண்ணில் இப்போதுதான் தண்ணீர் வந்தது.

அது கன்னத்தைத் தொடும் வரை திருமூர்த்தி பொறுமையாக இருந்தார்.

"ஒண்ணுதானுங்க எனக்குப் புரியல. லிங்கசாமி ஊத்துன நாலு கேலன் எங்கீங்க போச்சு?"

அய்யூபின் கண் ஒரு கணம் பழைய டயர்கள் பக்கம் போய் வந்தது. போலீஸ்காரருக்கு அது போதும்.

அவர் ஜீப்பின் கதவை மரியாதையாகத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க அய்யூப். புது எடம்னு கூச்சப்படாதீங்க... உங்க மச்சான் இப்பத்தான் ஒழிச்சுக் குடுத்துட்டுப் போனாரு!"