ரோவீனாவின் தொட்டி

கட்டிய பைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.

தொட்டியில் மிதக்கவிட்டபோது பாதிதான் இருந்தது, கெல்வின் நன்றாகப் பார்த்தான். இப்போது ரப்பர் பேண்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. உள்ளே ஐந்து வானவில் மீன்களும் ஒரே பக்கம் ஒதுங்கி அவனையே பார்த்தன. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்து டிசம்பர் மதியம், மழைக்கு முந்தைய புழுக்கம், இவ்வளவு நேரம் மாமரத்தில் கத்திக்கொண்டிருந்த கிளிகள் சட்டென்று அடங்கியது அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து மகள் டெல்லா வருகிறாள். காலையில் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ ஒரு மீன் செத்தாலும் உங்க வாசல மிதிக்க மாட்டேம்ப்பா."

சொல்ல மாட்டாளா பின்னே? போன டிசம்பரில், ஒரு சண்டையில், மனைவி ரோவீனா ஆசையாக வாங்கிவந்த மீன்களை குளோரினை முறிக்கும் மருந்து விடாத குழாய்த் தண்ணீரில் கவிழ்த்துக் கொட்டியவன் இவன்தானே.

"குளோரின்டா பாவி! மூச்சு முட்டிச் சாகும்!" என்று அலறினாள் ரோவீனா.

"உன் மீனுக்கு நீச்சலும் நானே சொல்லிக் குடுக்கணுமா?" என்று சிரித்தான்.

கடைசி மீன் மல்லாக்க மிதக்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் காரில் கிளம்பியவளை ராஸ் ஆற்றிலிருந்துதான் பிணமாக எடுத்தார்கள்.

இந்த முறை எல்லாம் முறைப்படி செய்தான். மருந்து விட்டான், விளக்கை அணைத்தான், கால் மணி நேரம் காத்திருந்தான். இனி பைக்குள் கோப்பை கோப்பையாகத் தொட்டித் தண்ணீர் விட வேண்டும். எழுந்தபோது நெடி வந்தது. குளோரின். சமையலறையில் குழாய் திறந்திருந்தது. குளியலறையிலும். அவன் திறக்கவில்லை. கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. ஜன்னலை இழுத்தான். வரவில்லை.

அப்படியே சரிந்தான்.

காற்று இருந்தது. உள்ளே போகவில்லை.

தரையில் கிடந்து வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். மேலே ஈரமான ஒரு கை ரப்பர் பேண்டை நிதானமாகக் கழற்றியது. கோப்பை கோப்பையாகத் தண்ணீர் விட்டது. மீன்களை ஒவ்வொன்றாக, நோகாமல், தொட்டிக்குள் இறக்கியது. ஐந்தும் நீந்தின.

வாசலில் கார் நின்றது.

வராதே டெல்லா. சத்தம் வரவில்லை. ஈரக் கால்கள் கதவுக்குப் போயின. தாழ்ப்பாள் திறந்தது.

"அம்மா?"

அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம்.

தரையோடு கிடந்தவனுக்கு வாசலில் கால்கள் மட்டுமே தெரிந்தன. இரண்டு ஜோடிக் கால்கள். அருகருகே வெளியே நடந்தன. நாலிலும் ஆற்றுச் சேறு கலந்த தண்ணீர் சொட்டியது.